மூணு யூரோ ஒயினுக்குச் சேர்மானம்

திராட்சை விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்த தாளில் வரிகள் அதிகம் இல்லை. இருந்தாலும் சத்தூரியோவுக்கு அதைப் படித்து முடிக்க ஒரு சிகரெட் புகைக்கிற நேரம் ஆனது. எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனால்தான் அவனுக்குப் படிக்க வரும். அறுபத்தொரு வயதில் பள்ளிக்கூடம் போனவன் அவன். மூன்று குளிர்காலம், வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், ஊராட்சிக் கட்டடத்து மாடியில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முட்டியை இடுக்கிக்கொண்டு கற்றுக்கொண்டான். ஏழு வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனவனுக்கு அதற்கு முன்னால் நேரம் கிடைக்கவில்லை.

தாளில் இருந்தது இதுதான். இந்த வருஷத்துக் கர்னாச்சா ஒயினைச் சங்கம் லாரித் தொட்டியில் ஊற்றிப் பிரெஞ்சுக்காரனுக்கு அனுப்பப்போவதில்லை. பாட்டிலில் அடைத்து, மூன்று யூரோவுக்கு, நம் ஊர்ப் பேரிலேயே விற்கப்போகிறது. பாட்டிலின் முதுகில் ஒட்டுகிற லேபிளுக்காக உறுப்பினர்கள் எல்லோரும் கீழே உள்ளதை நிரப்பித் தரவேண்டும். பேர் எழுத வேண்டாம். கீழே ஒரே ஒரு சொல், பெரிய எழுத்தில்: மரிதாஹே. அதற்கு எதிரே நான்கு கோடு.

அந்தச் சொல்லை அவன் வாயில் போட்டு மென்று பார்த்தான். ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெரியாத சொல் வந்தால் அதற்குள்ளே தெரிந்த சொல் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார் என்பாள் டீச்சர். பார்த்தான். இருந்தது. மரீதோ. புருஷன். அப்படியென்றால் மரிதாஹே என்பது புருஷனாக இருப்பது. நீ எப்படிப்பட்ட புருஷனாக இருந்தாய் என்று சங்கம் கேட்கிறது.

அவனுக்குக் காது மடல் சூடானது.

எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு சேரும் என்பதைப் பட்டணத்தில் அப்படிச் சொல்கிறார்கள். ஒயினுக்கும் கறிக்கும் கல்யாணம் கட்டிவைக்கிற மாதிரி. ஆனால் சத்தூரியோவுக்கு அதை யார் சொல்வது? அவன் வீட்டில் ஒயின் மேசைமேல் இருக்கும், சாப்பாடு அதன் பக்கத்தில் வந்து உட்காரும். அதற்கெல்லாம் ஒரு பேர் உண்டு என்று அவன் நினைத்ததே இல்லை.

இருந்தாலும் சந்தேகம். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாருக்குப் போனபோது ஹெனாரோ நின்றிருந்தான். ஹெனாரோவுக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம். ஹெனாரோவின் மனைவி கடலோரத்துக் கலீசியாவிலிருந்து வந்தவள். முப்பது வருஷமாகியும் ஊரில் அவளுக்கு மீன் என்றுதான் பேர்.

"தாளை நிரப்பிட்டியா?" என்று கேட்டான் சத்தூரியோ, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"நிரப்பாம? நேத்தே கொடுத்தாச்சு. ஆட்டோட நல்லா குடும்பம் நடத்தும், கோழியோட சும்மா காலம் தள்ளும், மீனைக் கண்டா மட்டும் அத்துக்கிட்டு ஓடிடும்னு எழுதினேன்."

பாரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சத்தூரியோ சிரிக்கவில்லை.

"உன் பொண்டாட்டி அதைப் பாத்தாளா?"

"பாத்தா. அவளும் அதைத்தான்டா சொல்றா."

அவ்வளவுதான். சந்தேகம் தீர்ந்துவிட்டது. விளையாட்டுப் பேச்சு பேசுகிற ஹெனாரோவே தன் வீட்டு வண்டவாளத்தை எழுதிக் கொடுத்திருக்கிறான். காலம் மாறிவிட்டது, சங்கமும் மாறிவிட்டது, கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை.

சத்தூரியோவுக்கோ அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் வலி கிடந்த இடத்திலேயே வந்து விழுந்திருந்தது. அவன் மனைவி ஒரோசியா அக்டோபரில் போனாள். அறுவடை முடிந்த வாரம். சரகோசாவில் அவள் தங்கை பெனித்தாவுக்கு இடுப்பில் ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும், பதினைந்து நாளில் வந்துவிடுகிறேன் என்று போனாள். பதினைந்து நாள் முப்பதானது. பெனித்தா ஊன்றுகோலை வீசிவிட்டுக் கடைக்கு நடந்து போகிறாள் என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். டிசம்பரில் போன் பண்ணினான்.

"கிறிஸ்துமஸுக்கு வர்றேதானே?"

"வரல, சத்தூரியோ."

"அப்புறம் எப்ப?"

"வரல" என்றாள் மறுபடியும். குரலில் சண்டை இல்லை. கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது.

முப்பத்தாறு வருஷக் குடும்பம். ஒரு நாள்கூடக் கையோங்கியதில்லை. ஏன் போனாள் என்று ஊர் தலையைப் பிய்த்துக்கொண்டது. சத்தூரியோவுக்குக் காரணம் தெரியும். அவள் பட்டதெல்லாம் இவனுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துத்தான் போயிருக்கிறாள். தெரியும், எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வந்துவிடுவாள். ஆனால் போனில் அந்த வார்த்தை வரவில்லை. மூச்சுதான் வந்தது. காசு போய்க்கொண்டே இருக்கிறது, வை, என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மொன்காயோ மலையிலிருந்து சியெர்சோ காற்று கதவை உலுக்கிக்கொண்டு இருந்தபோது அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினான். நான்கு கோடு பத்தவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினான். எழுதி முடித்தபோது கவாத்து வெட்டிய நாளைவிடக் கை அதிகமாக வலித்தது. மடித்து, திங்கட்கிழமை காலையில் சங்கத்து வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். இவ்வளவு நாள் வாயில் வராதது காகிதத்தில் வந்துவிட்டதே என்று அவனுக்கு உடம்பே லேசாக இருந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு, பூசை முடிந்து, சங்கக் கூடத்தில் கூட்டம். வாசலில் கவாத்துக் குச்சிகளைக் கொளுத்தித் தணலில் குடலில் அடைத்த நீளக் கொத்துக்கறியைச் சுட்டார்கள். மூக்குக் குடுவையில் புது ஒயினை நிரப்பிக் கைமாற்றிக்கொண்டே போனார்கள். அண்ணாந்து, உதடு படாமல், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தாரை அறாமல் குடிக்க வேண்டும். சட்டையில் சிந்தியவனை ஊரே கூவியது. சிரிப்பும் புகையுமாக இருந்தது.

ஒயின் பக்குவம் பார்க்கச் சங்கத்தில் வேலைக்கு வந்திருந்த பெண் லெய்ரே. முப்பது வயது இருக்கும், நல்ல பெண். அவள்தான் மேடையில் நின்று தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள்.

"'இளங்குட்டி விலாக்கறி, திராட்சைக் குச்சித் தணல்ல சுட்டது. வேற எதுவும் வேண்டாம்.' நல்லா இருக்கு. அடுத்தது. 'தக்காளிச் சாறுல வெந்த நத்தை. நத்தை இல்லாட்டி மாமியார்.' யாருப்பா இது?"

கூடம் அதிர்ந்தது. அடுத்தது முற்றிய ஆட்டுப்பால் சீஸ். அடுத்தது உப்புக் கருவாட்டுப் பூண்டுக் கறி. அடுத்தது ஹெனாரோவுடைய மீன். ஹெனாரோ எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான்.

கடைசி வரிசையில் சுவரோடு நின்றிருந்த சத்தூரியோவுக்கு நான்காவது தாளில் விளங்க ஆரம்பித்தது. ஏழாவது தாளில் முழுக்க விளங்கிவிட்டது. சாப்பாடு. சாப்பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவன் கால் வாசல் பக்கம் திரும்பியது. ஆனால் வாசலை மறித்துக்கொண்டு குடுவையும் கையுமாக நான்கு பேர். மேடையில் லெய்ரே எடுத்த தாள் இரண்டு பக்கமும் எழுதி, கோணல்மாணலான பெரிய எழுத்தாக, இவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"அடேங்கப்பா, இவரு சமையல் புஸ்தகமே எழுதிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"'மரிதாஹே. நான் நல்ல புருஷனா இருந்தேன்னு எல்லாரும் சொல்வாங்க. அடிச்சதில்ல. சூதாடினதில்ல.'"

"ஏய், மரிதாஹேன்னா புருஷன்னு நெனச்சுக்கிட்டான்டா எவனோ!" என்று கத்தினான் ஹெனாரோ. "கையத் தூக்குடா, எவன்டா அவன்!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. லெய்ரேயும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"'ஆனா கேட்டிருக்கீங்க, அதனால சொல்றேன். மீகாஸ் செய்யறப்போ பழைய ரொட்டித் தூளை ஒரு மணி நேரம் விடாம கிண்டணும். அவதான் கிண்டுவா. ஆனதும் சட்டியை எங்க முன்னால வைப்பா. நானும் அப்பாவும் உக்காந்து சாப்பிடுவோம், ஒயின் குடிப்போம். அவ அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டு ஒட்டினதைச் சுரண்டிச் சாப்பிடுவா. அப்பா செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அப்புறமும் நின்னுக்கிட்டுதான் சாப்பிட்டா. நாற்காலி சும்மாத்தான் கிடந்துச்சு. எனக்குத் தெரியும்.

"'இளங்குட்டிக் கறியில விலாத் துண்டெல்லாம் எனக்கு. கழுத்து அவளுக்கு. கழுத்துதான் பிடிக்கும்னு சொல்வா. பிடிக்காது. எனக்குத் தெரியும்.

"'பொர்ராஹாக் கீரைத் தண்டுல பொடி முள் இருக்கும். உரிச்சு உரிச்சு அவ விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கும். நான் தட்டைப் பாத்துட்டு, மறுபடியும் புல்லான்னு கேப்பேன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.'"

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றுபோனது. முதலில் பெண்கள். வாசலில் தணல் வெடிக்கிற சத்தம் உள்ளே கேட்டது.

"'கல்யாணமான முதல் வருஷம் அவ தனக்கு ஒரு டம்ளர் ஒயின் ஊத்திக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல. பாத்தேன். அவ்வளவுதான். மறுநாள்லேந்து பாதி ஒயின், பாதி சோடா. அப்புறம் வெறும் சோடா. ஆனா குழம்புல ஊத்த வச்சிருக்கிற ஒயின்ல ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு, ரொட்டித் துண்டோட குடிப்பா. கதவிடுக்குல பாத்திருக்கேன். நம்ம கர்னாச்சா ருசி அவளைவிடத் தெரிஞ்சவங்க சங்கத்துல யாருமில்ல. வா, உக்காரு, உனக்கு ஒரு டம்ளர்னு நான் கூப்பிட்டதில்ல. கூப்பிடணும்னு தோணும். வாய் வராது.

"'எழுபத்தொன்பதுல...'"

லெய்ரே நிறுத்தினாள். அடுத்த வரியைக் கண்ணால் படித்துவிட்டாள் போல. தாளைக் கீழே வைக்கப் பார்த்தாள்.

"படிம்மா" என்றாள் முன்வரிசையில் ஒரு கிழவி. "ஆரம்பிச்சிட்டே. பாதியில விட்டா அது அதைவிடக் கேவலம்."

"'எழுபத்தொன்பதுல சரகோசா ஆஸ்பத்திரியிலேந்து வெறும் கையோட வந்தா. பிள்ளை அழவேயில்லைன்னாங்க. வாசல்ல நின்னா. நான், சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டேன். அவ கோட்டைக்கூடக் கழட்டாம பீச் பழத்தை நறுக்கி, ஒயின்ல போட்டு, சீனி தூவி, கொண்டாந்து வச்சா. நான் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. அவ முகத்தைப் பாத்தேன். பாக்காம இல்ல. நாலு கோடு பத்தல, அதனால பின்னாடி எழுதியிருக்கேன்.'"

பேர் இல்லைதான். ஆனால் எழுபத்தொன்பதில் சரகோசாவிலிருந்து வெறும் கையோடு வந்தவள் ஊரில் ஒருத்திதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்காததிலிருந்துதான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று சத்தூரியோவுக்குத் தெரிந்தது. வாசலில் நின்ற நான்கு பேரும் குடுவையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

மறுநாள் அவன் தோட்டத்தில் தனியாகக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது சங்கத்து வெள்ளை வேன் வந்து நின்றது. லெய்ரே இறங்கி, கொடிகளுக்கு நடுவே கல்லில் தடுக்கித் தடுக்கி வந்தாள்.

"சத்தூரியோ மாமா, மன்னிச்சிடுங்க. முன்னாடியே ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கணும். என் தப்பு."

அவன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அந்தச் சொல்லுக்கு நெஜமா என்னதான் அர்த்தம்?"

"இந்த ஒயினுக்கு இந்தச் சாப்பாடு பொருந்தும்னு சொல்றது, மாமா. சேர்மானம்."

"அதுக்கு எதுக்குப் புருஷன் பேரை வச்சானுங்க?"

லெய்ரே யோசித்தாள். "சரியாத் தெரியல. ஒண்ணு இன்னொண்ணை அமுக்கிடக் கூடாது. ரெண்டும் சேந்தா ரெண்டுமே முன்னைவிட நல்லா இருக்கணும். அதனால வச்சிருப்பாங்க."

அவன் ஒரு குச்சியை வெட்டிப் போட்டான். இன்னொன்றையும் வெட்டினான்.

"அப்ப நான் எழுதினது தப்பில்ல" என்றான்.

அவளுக்குக் கண் கலங்கியது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "இது சங்கத்துல இருக்க வேண்டாம். ஒரோசியா அத்தைக்குத்தானே இதை எழுதினீங்க?"

"சங்கம் கேட்டுச்சுன்னு எழுதினேன்."

"அத்தை பாத்தாங்களா?"

"இல்ல."

அவள் தாளை அவன் சட்டைப்பையில் செருகிவிட்டுத் திரும்பினாள். வேன் போன பிறகு அவன் தாளை எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து விரல் வைத்துப் படித்துப் பார்த்தான். ஊர் கேட்டது கேட்டாகிவிட்டது. இனிக் கேட்க வேண்டிய ஆள் ஒருத்திதான். கிறிஸ்துமஸுக்குப் பெனித்தா அனுப்பிய வாழ்த்து அட்டையின் பின்னால் இருந்த விலாசத்தை ஓர் எழுத்துக்கூட விடாமல் உறையில் பார்த்து எழுதினான். அவன் வாழ்க்கையில் தபாலில் போட்ட முதல் கடிதம் அது. மஞ்சள் தபால் பெட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தான்.

நான்கு வாரம் ஒன்றும் வரவில்லை. மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை போன் அடித்தது.

"சனிக்கிழமை பதினொண்ணரை பஸ்ல வர்றேன்" என்றாள் ஒரோசியா.

"சாப்பிடாம வா" என்றான் அவன். "நான் மீகாஸ் பண்றேன்."

"நீயா?" என்றாள் அவள்.

நான்கே நாள்தான் இருந்தது. ஹெனாரோ வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தான். கூட்டத்தில் கத்தியதற்கு அவன் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. பதிலாகப் பன்றிக் கொழுப்பும் பூண்டும் கொண்டுவந்தான்.

"தண்ணி தெளிக்கறதுலதான்டா எல்லாம் இருக்கு. ஊத்தாதே. தெளி. சர்ச்சுல சாமியார் தெளிக்கற மாதிரி."

"இப்படியா?"

"ஞானஸ்நானம் பண்றே நீ. குறைச்சு, குறைச்சு."

புதன்கிழமை பண்ணியது களியானது. வியாழக்கிழமை பண்ணியது சரளைக் கல்லானது. இரண்டையும் கோழிகள் தின்றன. வெள்ளிக்கிழமை உதிரி உதிரியாகப் பொன்னிறத்தில் வந்தது. ஹெனாரோ ஒரு வாய் போட்டுக்கொண்டு, "என் மீனைவிட நல்லா பண்றே" என்றான். சத்தூரியோ வீட்டைப் பெருக்கினான். படுக்கையில் புது விரிப்பு விரித்தான். அவள் பக்கத்துத் தலையணையை வெயிலில் போட்டு எடுத்தான்.

பஸ்ஸிலிருந்து அவள் கைப்பையோடு இறங்கினாள். பெட்டி இல்லை. அதை அவன் முதலிலேயே பார்த்தான். பெட்டியைப் பின்னால் யார் மூலமாவது கொடுத்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நல்லா இருக்கு என்று சொல்ல நினைத்தான். இந்தத் தடவை சொல்லிவிட்டான். அவள் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

வீட்டில் அவளை மேசைக்கு முன்னால் உட்காரவைத்தான். கோட்டை வாங்கி மாட்டினான். அடுப்பில் கொழுப்பு உருகி, பூண்டு சிவந்து, ரொட்டித் தூள் விழுந்ததும் கிண்ட ஆரம்பித்தான். அவள் இரண்டு தடவை எழுந்திருக்கப் போனாள். இரண்டு தடவையும், "இரு, இரு" என்றான். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, அந்நிய வீட்டில் இருப்பவள் மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சுவரில் அவளே மாட்டிய தட்டுகள்தான்.

சங்கத்துப் புதுப் பாட்டிலைத் திறந்து இரண்டு டம்ளரிலும் சம அளவு ஊற்றினான். அவள் பாட்டிலைத் திருப்பி முதுகு லேபிளைப் படித்தாள்.

"'சுட்ட ஆட்டுக்கறி, முற்றிய சீஸ், நல்ல நண்பர்கள்.' நண்பர்களாம். யாரு எழுதினா இதை?"

"சங்கத் தலைவரு."

"அவனுக்கு ஏது நண்பன்" என்றாள். அவன் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

பரணில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த திராட்சையில் வாடாமல் மிஞ்சியதைப் பறித்து மீகாஸ்மேல் போட்டு, அவளுக்கு முதலில் வைத்தான். அவள் ஒரு கரண்டி சாப்பிட்டாள். ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"நல்ல வருஷம். கடைசியில மிளகு மாதிரி வருது. பூண்டுக் கொழுப்பு நாக்குல படியறப்போ இது வந்து துடைச்சுவிட்டுடுது. ஆட்டுக்கறியைவிட இதுக்குத்தான் இது சேரும். அந்த லேபிள்ல இதைப் போட்டிருக்கணும்."

"லெய்ரேகிட்ட சொல்றேன்" என்றான். அவள் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். டம்ளரை முழுக்கக் காலி செய்தாள். சோடாப் பாட்டில் பக்கம் திரும்பவேயில்லை. இதோ, வந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, மடித்த துணியைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் காயிதம் நீயே எழுதினதா?"

"நானேதான்."

"டீச்சர் திருத்தலையே?"

"இல்ல. தப்பு இருக்கும்."

"கழுத்துங்கறதைத் தப்பா எழுதியிருந்தே. சரி, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. கழுத்து எனக்குப் பிடிக்காதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"ஆரம்பத்துலேயே."

"கதவிடுக்குல பாத்தேன்னு எழுதியிருந்தே. ஒரு தடவையா?"

"நெறைய தடவை."

"எழுபத்தொன்பதுல நான் வாசல்ல நின்னப்போ என் முகத்தைப் பாத்தே."

"பாத்தேன், ஒரோசியா. அதை மறக்கவே முடியல. எல்லாம் தெரியும் எனக்கு. உனக்கு அது தெரியணும்னுதான்..."

அவள் கையை உயர்த்தினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

"முப்பத்தாறு வருஷமா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இவன் ஆடு மேய்ச்ச பய. எழுத்துப் படிக்கத் தெரியாத மாதிரியே மனுஷ முகமும் படிக்கத் தெரியாது. கண்ணு முன்னால இருந்தாலும் தெரியாது. குருட்டுப் பய, பாவம்னு நெனச்சேன். அப்படி நெனச்சதாலதான் என்னால நின்னுக்கிட்டுச் சாப்பிட முடிஞ்சுது. பெனித்தா கேப்பா, எப்படிடி பொறுத்துக்கறேன்னு. அவனுக்குத் தெரியாதுடீ, தெரிஞ்சா அப்படிச் செய்வானான்னு நான் சொல்வேன். தெரிஞ்சா அப்படிச் செய்வானான்னு."

சத்தூரியோ மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்டோபர்ல போனப்போகூட உன்மேல எனக்குக் கோவம் இல்ல. அலுப்புதான். டிசம்பர்ல வரலன்னு சொன்னதும் அலுப்புலதான். அலுப்பு தீந்தா வந்திருப்பேனோ என்னமோ. கோடைத் துணியெல்லாம் இங்கேயே கிடக்கு பாரு. எடுத்துக்கிட்டுப் போகல." அவள் காலி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அப்புறம் உன் காயிதம் வந்துச்சு. தெரியும், தெரியும், தெரியும்னு. நீ தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து சாப்பிட்டிருக்கே."

"சொன்னா வருவேன்னு நெனச்சேன்."

"அதுவும் எனக்குத் தெரியுது."

"நான் என்ன எழுதியிருக்கணும்?"

"ஒண்ணும் தெரியாமப் போச்சு, ஒரோசியா, மன்னிச்சுக்கோன்னு எழுதியிருந்தா போதும்."

"அது பொய்யாச்சே."

"ஆமா" என்றாள். அவன் கைமேல் தன் கையை வைத்தாள். உரிக்கிற வேலை இல்லாமல் விரல் நுனியெல்லாம் வெளுத்து, மிருதுவாகிவிட்டிருந்தது. "பொய்தான். அந்தப் பொய்யோட நான் நல்லாத்தான் இருந்தேன்."

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அவன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். போய் நிறுத்த வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. புது விரிப்பை அவள் பார்த்திருப்பாள். தலையணையையும் பார்த்திருப்பாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். மேலே நீலப் பூப்போட்ட மெல்லிய கவுன் மடித்து இருந்தது. ஜூலை, ஆகஸ்டில் உடுத்துவது.

நான்கு மணி பஸ்ஸுக்கு அவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனான். காற்று நின்றுபோய் வெயில் நன்றாக அடித்தது. நிறுத்தத்தில் ஹெனாரோ பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் சுற்றிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான். பஸ் அவளுக்காக என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"ஒரோசியா! வந்துட்டியா! முடியெல்லாம் வெட்டிக்கிட்டு, சின்னப் பொண்ணாட்டம். இனிமே இங்கேதானே?"

"இல்ல, ஹெனாரோ. சாப்பிட வந்தேன்."

பஸ் வந்தது. சத்தூரியோ பையை மேலே ஏற்றிக் கொடுத்தான். "அடுத்த சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தான். அவள் தலையை இல்லை என்று மெதுவாக ஆட்டினாள். அவன் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகு ஏறிப் போய் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் திரும்பும்போது அவள் தலையின் பின்பக்கம் மட்டும், வெட்டிய முடியோடு, கொஞ்ச நேரம் தெரிந்தது.

ஹெனாரோ சிகரெட்டைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"கல்லாப் போயிடுச்சாடா?" என்று கேட்டான் மெல்ல. "தண்ணி தெளிக்க மறந்துட்டியா?"

"இல்லடா" என்றான் சத்தூரியோ. "நல்லா வந்துச்சு. ரெண்டு தடவை போட்டுக்கிட்டா."